பழைய டேப்லெட்டும் புதிய இயங்குதளமும்

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த நிலம். கரிசலும் வெயிலும் மிகுந்த இப்பகுதியில் உழவை மட்டும் நம்பி வாழ்வது அரிது. ஆதலின், இம்மாவட்டத்து மக்கள் தொழிலை நாடினர். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. இவ்விரண்டிற்கும் வேண்டிய வண்ணச் சீட்டுகளை அச்சிடும் தேவையால் அச்சுத் தொழிலும் தழைத்தது. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இத்தொழில்களின் கூலியைக் கொண்டு வாழும் குடும்பங்கள் மிகப் பல.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வரலாயின. அந்நாளில், பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடலாகாது என்று எண்ணி, கூலியில் மிச்சம் பிடித்தும் கடன் வாங்கியும் டேப்லெட் என்னும் கைக்கணினியை வாங்கிய பெற்றோர் உண்டு. அத்தகைய வீட்டில் அன்று அக்காள் படித்த டேப்லெட்டில் இன்று தம்பி படிக்கிறான். திரையின் ஓரத்தில் சிறு கீறல் விழுந்திருக்கும். மின்னேற்றம் முன்போல் நெடுநேரம் நில்லாது. ஆயினும் அது வீட்டின் அரும்பொருளே ஆகும்.

அச்சிறுவன் ஒருநாள் பாடச் செயலி ஒன்றைத் திறக்கிறான். ‘உங்கள் இயங்குதளம் பழையது, புதுப்பித்துக்கொள்க’ என்று திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. அவன் அமைப்புகள் என்னும் பக்கத்திற்குச் சென்று, புதுப்பிப்பு உண்டா என்று வினவுகிறான். ‘உங்கள் கருவி புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்பதே அங்குக் கிடைக்கும் விடை. செயலி பழையது என்கிறது. கருவியோ புதியது என்கிறது. இவற்றுள் எது மெய்? அவன் வாரக்கணக்காகக் காத்திருக்கிறான். புதுப்பிப்பு வருமா, எப்பொழுது வரும், யாரிடமிருந்து வரும் என்பன அவனுக்கு விளங்கவில்லை. அவற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

இயங்குதளம் யாது?

டேப்லெட்டினுள்ளே சில்லு, நினைவகம், மின்கலம், படக்கருவி, ஒலிபெருக்கி முதலிய உறுப்புகள் பல உள்ளன. இவை தாமாக ஒன்றுகூடி வேலை செய்யமாட்டா. இவற்றையெல்லாம் ஒருங்கே வேலை வாங்கும் பெரிய ஆணைத் தொகுப்பே இயங்குதளம் எனப்படும். நாம் பயன்படுத்தும் செயலிகள் யாவும் இத்தளத்தின்மேல் நின்றே இயங்குகின்றன. கூகுள் நிறுவனத்தார் வளர்த்துவரும் ஆண்ட்ராய்டும், ஆப்பிள் நிறுவனத்தார் தம் ஐபேடுகளுக்கென அமைத்துள்ள இயங்குதளமும் டேப்லெட்டுகளில் பெரிதும் வழங்குவன.

ஓர் இயங்குதளத்தில் இலட்சக்கணக்கான வரிகள் உள்ளன. அவற்றை எழுதுவோர் மனிதரே. ஆதலால் பிழைகளும் இருந்தே தீரும். அச்சிட்ட நூலில் பிழை கண்டால் பிழைதிருத்தம் என்னும் தாளை ஒட்டுகிறோம் அல்லவா? அவ்வாறே இயங்குதளத்தில் கண்ட பிழைகளைத் திருத்தியும், புதிய வசதிகளைச் சேர்த்தும் அதனை ஆக்கியோர் இணையத்தின் வழியே அனுப்புவது புதுப்பிப்பு ஆகும்.

இருவகைப் புதுப்பிப்பு

புதுப்பிப்பு இருவகைப்படும். ஒன்று பதிப்பு உயர்வு. மற்றொன்று பாதுகாப்புத் திருத்தம். பதிப்பு உயர்வு, வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்புவது போன்றது. அதனால் புதிய தோற்றமும் புதிய வசதிகளும் கிடைக்கும். பாதுகாப்புத் திருத்தமோ, உடைந்த கதவுத் தாழைச் செப்பனிடுவது போன்றது. அதனால் வீட்டின் தோற்றம் மாறாது. ஆனால் கள்வன் நுழைய முடியாது. மக்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது முன்னதை. இன்றியமையாததோ பின்னதே.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் தம் விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஒரு பெரும் பிழைக்குத் திருத்தம் வெளியிட்டனர். அதனைப் பலர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு திங்கள் கழித்து, மே 12 அன்று, ‘வானாக்ரை’ என்னும் தீய நிரல் அப்பிழையின் வழியே கணினிகளுள் புகுந்தது. அது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது பரவிற்று. இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகள் சில, நோயாளிகளை வேறிடத்திற்கு அனுப்ப நேர்ந்தது. அத்திருத்தத்தை முன்னரே ஏற்றிருந்த கணினிகளில் அத்தீங்கு அவ்வழியே நுழைய இயலவில்லை.

டேப்லெட்டுகளும் கைப்பேசிகளும் இதற்கு விலக்கல்ல. 2015-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஆண்ட்ராய்டில் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்னும் குறை வெளிப்பட்டது. படத்தோடு கூடிய ஒரு செய்தியை அனுப்புவதன் மூலமே அயலான் ஒருவன் கருவிக்குள் நுழைய அது வழிவிட்டது. திருத்தம் எழுதப்பட்டும், கோடிக்கணக்கான கருவிகளுக்கு அது விரைந்து போய்ச் சேரவில்லை. இதன் பின்னரே, அவ்வாண்டு ஆகஸ்டு முதல், திங்கள்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தைக் கூகுள் நிறுவனத்தார் மேற்கொண்டனர்.

காலம் தாழ்வது ஏன்?

திங்கள்தோறும் திருத்தம் எழுதப்படுகிறது என்றால், அது திங்கள்தோறும் நம் கைக்கு ஏன் வருவதில்லை? இதற்கு விடையைச் சிவகாசியின் அச்சுக்கூடங்களிலேயே காணலாம்.

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில், வரும் ஆண்டுக்குரிய நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்புகள் சிவகாசியில் வெளியிடப்படுகின்றன. வணிகர்கள் அவற்றைப் பார்த்துத் தமக்கு வேண்டியவற்றைத் தேர்ந்தெடுப்பர். தேதி, நல்ல நேரம், இராகு காலம் ஆகியன அச்சிட்ட நாள்தாள்கள் எல்லார்க்கும் பொதுவானவை. ஆனால், அவற்றைத் தாங்கும் அட்டையும் அதன்மேல் உள்ள படமும் வேறுவேறு. நகைக்கடைக்கு ஒன்று, மளிகைக்கடைக்கு ஒன்று என, ஒவ்வொரு கடையின் பெயரையும் முகவரியையும் தனித்தனியே அச்சிடல் வேண்டும். பிழை பார்த்தல், அச்சிடல், வெட்டல், தைத்தல், அட்டையில் பொருத்தல், கட்டி அனுப்பல் எனப் பல கைகளைக் கடந்த பின்னரே நாட்காட்டி நம் வீட்டுச் சுவருக்கு வருகின்றது.

ஆண்ட்ராய்டுப் புதுப்பிப்பும் இத்தகையதே. கூகுள் நிறுவனத்தார் வெளியிடுவது எல்லார்க்கும் பொதுவான அடித்தளம். அது நாள்தாள் கட்டினைப் போன்றது. அடுத்து, குவால்காம், மீடியாடெக் போன்ற சில்லு நிறுவனத்தார், தம் சில்லு அப்புதிய தளத்தோடு இணங்கி வேலை செய்யுமாறு வேண்டிய நிரல்களை மாற்றியமைக்க வேண்டும். அதன்பின் டேப்லெட்டை ஆக்கிய நிறுவனத்தார், தமக்கே உரிய தோற்றத்தையும் செயலிகளையும் சேர்ப்பர். இது கடைப்பெயரை அச்சிடுவதற்கு நிகர். ஒரு நிறுவனம் பற்பல மாதிரிகளை விற்றிருந்தால், ஒவ்வொன்றிற்கும் இவ்வேலையைத் தனித்தனியே செய்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்பர். நாட்காட்டியில் பிழை நேர்ந்தால் ஒரு தாள் கெடும். புதுப்பிப்பில் பிழை நேர்ந்தால் டேப்லெட்டே இயங்காமல் நின்றுவிடக்கூடும்.

சோதனை முடிந்த பின்னும் எல்லார்க்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. முதலில் ஒரு சிறு பகுதியினர்க்கு மட்டும் அனுப்புவர். குறை ஏதும் தெரியாவிடின் மெல்ல மெல்ல மற்றையோர்க்கும் அனுப்புவர். செய்த பட்டாசுகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக் கொளுத்திப் பார்ப்பது போன்றது இது. ஆதலால், அண்டை வீட்டாரின் டேப்லெட்டுக்கு வந்த புதுப்பிப்பு நமக்கு வரச் சில நாட்கள் ஆதல் இயல்பே. ஆப்பிள் நிறுவனத்தார் இயங்குதளம், சில்லு, கருவி ஆகிய மூன்றையும் தாமே வடிவமைப்பதால், அவர்தம் புதுப்பிப்பு, ஏற்கத் தகுந்த எல்லா ஐபேடுகளுக்கும் ஏறத்தாழ ஒரே நாளில் கிடைக்கின்றது.

இத்தகைய காத்திருப்பைப் பட்டாசுத் தொழிலும் அறியும். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று, மாசு குறைந்த பட்டாசுகளையே செய்து விற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய கலவை முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தல் வேண்டும். வெடிபொருள் பாதுகாப்புத் துறையினர் அதனை ஏற்றல் வேண்டும். அதன் பின்னரே ஆலைகள் அதனைச் செய்யலாகும். இடைப்பட்ட காலத்தில் சிவகாசி வட்டாரத்து ஆலைகள் சில திங்கள் மூடிக் கிடந்தன. தொழிலாளர் கூலியின்றி வருந்தினர். மாற்றம் நன்மைக்கே ஆயினும், அது பல கைகளைக் கடந்து வருமாயின், கடைசியில் நிற்பவரே காத்திருப்பின் சுமையைத் தாங்க நேர்கின்றது. பழைய டேப்லெட்டை வைத்திருக்கும் சிறுவனும் அவ்வாறு கடைசியில் நிற்பவனே.

வராமலே போவது ஏன்?

காலம் தாழ்ந்தேனும் வருவது ஒரு நிலை. என்றும் வராமற் போவது மற்றொரு நிலை. பின்னதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, கருவியின் ஆற்றல். ஆப்பிள் நிறுவனத்தாரின் முதல் ஐபேட் 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் நினைவகம் 256 மெகாபைட்டு மட்டுமே. 2012-ஆம் ஆண்டில் வந்த ஆறாம் பதிப்பு இயங்குதளம் அதற்குக் கிடைக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அதன் பதிப்பு உயர்வு முடிந்தது. கூகுள் நிறுவனத்தாரின் ‘நெக்சஸ் 7’ என்னும் டேப்லெட் 2012-இல் ஆண்ட்ராய்டு 4.1 பதிப்போடு வந்து, 2015-இல் 5.1 பதிப்பு வரை உயர்ந்தது. ஆயினும், ஐந்தாம் பதிப்பை ஏற்ற பின் அது மிகவும் மெதுவாகிவிட்டது எனப் பலர் குறை கூறினர். பழைய மாட்டின்மேல் பெரிய பாரம் ஏற்றியது போலாயிற்று. ஆகவே, பதிப்பு உயர்வு எல்லாக் கருவிக்கும் எக்காலத்தும் நன்மையே என்று கருதுதல் தவறு.

இரண்டாவது, சில்லு நிறுவனத்தாரின் ஆதரவு. அவர்கள் ஒரு பழைய சில்லுக்கு நிரல் எழுதுவதை நிறுத்திவிட்டால், டேப்லெட் நிறுவனத்தார் விரும்பினாலும் புதுப்பிப்பைத் தருவது கடினம்.

மூன்றாவது, பொருளியல். டேப்லெட்டை விற்கும்பொழுது நிறுவனத்தார்க்கு வருவாய் வருகின்றது. அதன் பின் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்திற்கும் செலவே ஆகின்றது. விலை குறைந்த கருவியில் இலாபமும் குறைவு. ஆதலால் மலிந்த டேப்லெட்டுகளே விரைவில் கைவிடப்படுகின்றன. ஏழைக் குடும்பங்கள் வாங்கி நெடுநாள் வைத்திருப்பவையும் அவையே என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று, மாணவர்க்கென ‘ஆகாஷ்’ என்னும் மலிவு விலை டேப்லெட்டை மைய அரசு அறிமுகம் செய்தது. எளிய மாணவரின் கைக்கும் கணினி சேர வேண்டும் என்னும் நோக்கம் போற்றத் தக்கதே. ஆயினும் அதில் இருந்தது ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பு. அது வெளிவந்த இரு வாரங்களில், அக்டோபர் 19 அன்று, ஆண்ட்ராய்டு 4.0 அறிவிக்கப்பட்டது. அப்பதிப்பைத் தாங்கிய ‘ஆகாஷ் 2’ அடுத்த ஆண்டு நவம்பர் 11 அன்று புதிய கருவியாகவே வெளிவந்தது. பிறக்கும்பொழுதே மூத்துவிட்ட கருவிகள் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று. கருவியை வாங்கிய நாளைக் கொண்டு மட்டும் அதன் வயதைக் கணிக்கலாகாது.

நீண்டுவரும் ஆயுள்

இக்குறையைப் போக்கும் முயற்சிகளும் நடந்துவருகின்றன. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 பதிப்பில், சில்லுக்குரிய நிரல்களும் பொதுவான அடித்தளமும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. அட்டையை மாற்றாமலே நாள்தாள் கட்டினை மட்டும் மாற்றுவது போன்ற ஏற்பாடு இது. 2019-இல் வந்த பத்தாம் பதிப்பு முதல், சில இன்றியமையாப் பகுதிகளுக்குரிய திருத்தங்களைக் கூகுள் நிறுவனத்தாரே நேராக அனுப்ப வழி பிறந்தது. 2023, 2024-ஆம் ஆண்டுகளில் கூகுள், சாம்சங் நிறுவனத்தார் தம் உயர்ந்த விலைக் கைப்பேசிகள் சிலவற்றிற்கு ஏழாண்டுக்காலம் புதுப்பிப்புத் தருவதாக உறுதி கூறினர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், கைப்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் விற்பனை முடிந்த பின்னும் ஐந்தாண்டுகளேனும் இயங்குதளப் புதுப்பிப்புக் கிடைக்க வேண்டும் என்கின்றன. கருவியின் ஆயுள் வாங்குவோரின் நல்லூழைப் பொறுத்ததாக இருத்தல் கூடாது. விற்போர் முன்கூட்டியே உரைக்கும் உறுதியாக இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று வருகின்றது.

நாம் செய்யத் தக்கவை

மாணவர்களே, இனி அச்சிறுவனின் ஐயத்திற்கு விடை காண்போம். ‘உங்கள் கருவி புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்பதன் பொருள், ‘உங்கள் கருவிக்கென அனுப்பப்பட்ட புதுப்பிப்பு இப்பொழுது வேறு எதுவும் இல்லை’ என்பதே. ‘உங்கள் கருவி பாதுகாப்பாக உள்ளது’ என்பது அதன் பொருளன்று. மெய்யான நிலையை அறிய, அமைப்புகள் பக்கத்தில் பாதுகாப்புத் திருத்தத்தின் நாள் யாது என்று காணல் வேண்டும். அந்நாள் சில திங்களுக்கு முற்பட்டதாயின் காத்திருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முற்பட்டதாயின், அக்கருவிக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். நிறுவனத்தாரின் அறிவிப்பைக் கண்டு அதனை உறுதி செய்துகொள்க.

புதுப்பிப்பு வருமாயின், அதனை ஏற்குமுன் பாடக் குறிப்புகளையும் படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். மின்கலத்தில் போதிய மின்னேற்றமும், நினைவகத்தில் போதிய வெற்றிடமும் இருத்தல் வேண்டும். பணி நடக்கும்பொழுது இடையில் நிறுத்தலாகாது. குறுஞ்செய்தியிலோ அறியாத இணையப் பக்கத்திலோ ‘புதுப்பிப்பு இதோ’ என்று வரும் இணைப்பைத் தொடுதல் கூடாது. காத்திருப்பவனின் ஆவலே கள்வனுக்குத் தூண்டில் ஆகிவிடும்.

ஆதரவு முடிந்த டேப்லெட்டை உடனே எறிந்துவிடவும் வேண்டுவதில்லை. பட்டாசு ஆலைகளில் பல சிறு அறைகளை ஒன்றுக்கொன்று விலகி நிற்குமாறு கட்டுவர். ஓர் அறையில் தீ நேர்ந்தாலும் அது மற்றவற்றிற்குத் தாவாதிருக்கும் பொருட்டே அவ்வாறு செய்வர். அம்முறையையே இங்கும் கைக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு, பணம் செலுத்தும் செயலி, பெற்றோரின் மின்னஞ்சல் ஆகியவற்றைப் பழைய டேப்லெட்டில் வைத்தலாகாது. தரவிறக்கிய பாடநூல்களைப் படித்தல், சேமித்த பாடங்களைக் காணல், அகராதி பார்த்தல் ஆகிய பணிகளுக்கு, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, அதனை இன்னும் பல்லாண்டு பயன்படுத்தலாம். ‘லினியேஜ் ஓஎஸ்’ என்னும் இயங்குதளத்தைத் தன்னார்வலர்கள் பழைய கருவிகள் சிலவற்றிற்கென ஆக்கி இலவசமாக வழங்குகின்றனர். ஆயினும் அதனை நிறுவுதல் பயிற்சியுடையோர் செய்யத் தக்கது. தவறினால் கருவியே கெடும்.

முற்றிலும் பழுதுபட்ட டேப்லெட்டைக் குப்பையிலோ நெருப்பிலோ இடலாகாது. அதன் லித்தியம் மின்கலம் சூட்டால் வெடிக்கக்கூடும். தீயின் இயல்பைத் தம் ஊரிலேயே கண்டறிந்த சிவகாசிச் சிறுவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்தி முடிந்த கருவிகள் முறையாக மறுசுழற்சி செய்யப்படுவதற்கு அவற்றை ஆக்கியோரே பொறுப்பாவர்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அடுத்த டேப்லெட்டை வாங்கும் நாளில் நாம் ஒரு வினாவை மறவாது கேட்டல் வேண்டும். நாட்காட்டி வாங்குவோர் அதன்மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்க்கின்றனர். மருந்து வாங்குவோர் அது கெடும் நாளைப் பார்க்கின்றனர். டேப்லெட் வாங்குவோரோ விலையையும் திரையின் அளவையும் மட்டுமே பார்க்கின்றனர். ‘இதற்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும்?’ என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விடை கூற இயலாத பொருளை வாங்குமுன் இருமுறை எண்ண வேண்டும். பல திங்கள் உழைத்துச் சேர்த்த கூலி அதில் அடங்கியிருக்கின்றது.

டேப்லெட் ஒன்றின் ஆயுள் அதன் கண்ணாடியாலும் உலோகத்தாலும் மட்டும் அமைவதன்று. அதனைத் தொடர்ந்து செப்பனிடுவோர் உள்ள வரையிலேயே அஃது அச்சமின்றிப் பயன்படும். ஆதலின், காத்திருக்க வேண்டியபொழுது பொறுமையாகக் காத்திருப்போம். காத்திருந்து பயனில்லை என்று தெரிந்தபொழுது, உள்ளதைக் காத்துப் பயன்படுத்துவோம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே கருவியை ஆள்வோர்க்கு வேண்டிய அறிவாகும்.